மருந்துப் பள்ளத்துப் புல்

மருந்துப் பள்ளத்தில் கொசுகூட முட்டையிடாது. கீழ்க்கணக்கில், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. அந்த இடத்துக்கு வாய்த்த ஒரே நற்பெயர் அதுதான்.

அக்கரப்பத்தனைக் கடைவீதியிலிருந்து மேலே இரண்டு மைல்கட்டை தூரம் ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டப் பிரிவு கீழ்க்கணக்கு; பிரிவைக் கணக்கு என்பார்கள். மூச்சு வாங்க ஏறிச் சேர்கிற இடத்துக்குக் கீழ்க்கணக்கு என்று பெயர் வைத்தவன் நிச்சயமாகக் குதிரையில் வந்திருப்பான்.

தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் விழாமலிருக்கச் செம்பு மருந்து அடிப்பார்கள். அதைக் கலக்குவது மருந்துக் காம்பிரா என்கிற அறையின் முற்றத்தில். பீப்பாய் கழுவிய தண்ணீரும், பம்பு அலசிய தண்ணீரும், எஞ்சின் கக்கிய கறுப்பு எண்ணெயும் முப்பது வருஷமாகச் சரிவில் இறங்கி, லயத்துக்குப் பின்னாலிருந்த கால் ஏக்கர் பள்ளத்தில் தேங்கின. வண்டல் மயில்கழுத்து நிறத்தில் மினுங்கும். அந்த நிறத்தில் ஒரு சேலை எடுத்துக் கட்டினால் ஊரே திரும்பிப் பார்க்கும். அந்த மண்ணில் கீரை விதை போட்டால் அது எட்டிக்கூடப் பார்க்காது.

ஆனால் அது சமதரை. நிற்க இடம் தேடிக் காலை ஊன்ற வேண்டிய மலையில், கல் இல்லாத கால் ஏக்கர் சமதரை. பன்னிரண்டு வருஷமாகப் பின்கதவைத் திறக்கும்போதெல்லாம் இசபெல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கருவாட்டைத் தட்டிப்பார்த்து, மோந்து பார்த்து, வேண்டாம் என்று நாலடி நடந்துபோய், கூப்பிட்ட பிறகு திரும்பி வந்து வாங்குகிற பெண்பிள்ளை அவள். கொழுந்து எடுக்கிறவள். புருஷன் அலோசியஸ் இருபத்திரண்டு வருஷமாக மருந்து கலக்குகிறவர். நகங்கள் பச்சை ஏறியே இருக்கும், இருமல் ஆளுக்கு முன்னால் வீடு வந்து சேரும். மகள் ஐவி அட்டனில் கன்னியர் மாதாக்களிடம் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் தலையில் கொழுந்துக் கூடைக் கயிறு விழக் கூடாது என்பது இசபெலின் பிடிவாதம். அதற்கு அவள் கண்டுபிடித்திருந்த வழி போஞ்சி, கடைவீதியில் நல்ல விலைக்குப் போகிற பீன்ஸ் காய். அந்தப் பள்ளத்தில் போஞ்சி காய்த்தால் ஐவி படிப்பாள், காய்க்காவிட்டால் கூடை.

தோட்டத்து உதவி அதிகாரியாக, சின்னத்தொரை றோலண்ட் வந்தது எழுபத்தெட்டில். இறம்பொடைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்து, படித்து, அரைக் காற்சட்டையும் நீளச் சப்பாத்துமாகத் திரும்பி வந்தவர். லயத்துப் பிள்ளை தொரையானால் இரண்டு பக்கமும் நட்டம். பங்களாவில் தேயிலைத் தண்ணிக்குச் சீனி குறையும். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் சலாம் குறையும்.

ஒருநாள் பள்ளத்தின் விளிம்பில் நின்று அவர் சொன்னார்: "இந்த மண்ண சுத்தம் பண்ணலாம், அலோசியஸ்."

"மண்ணக் கழுவுறதாங்க தொர?"

"கழுவுறதில்ல. மொதல்ல சாணியும் தேயிலத்தூசியும் கரைச்சு ஊத்தி, கொத்திக் கொத்தி விடணும். சாணியில கண்ணுக்குத் தெரியாத சீவனுங்க இருக்கு. அதுங்க எண்ணெயத் தின்னுரும்."

இசபெல் சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு கேட்டாள்: "அதுங்களுக்கு வயித்தால போகாதாங்க தொர?"

"போகாது. அதான் அதுங்களுக்குச் சோறு. செம்பத்தான் அதுங்களால தின்ன ஏலாது. அதுக்குப் புல்லு. குவாட்டமாலா புல்லு வேரால உறிஞ்சி, தண்டுக்கும் இலைக்கும் மேல கொண்டாந்துரும். நீங்க அறுக்கணும். அறுத்தத அந்தப் பழைய செங்கல் குழியில எரிச்சுச் சாம்பல மூடிரணும். தழைக்கத் தழைக்க அறுக்கணும். ரெண்டு வருசம்."

"எரிக்கவாங்க?" அலோசியசுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. "புல்லையா?"

அந்தப் புல் தோட்டத்துக்குப் புதிதல்ல. கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நடுவதற்கு முன்னால், இரண்டு வருஷம் அதைத்தான் நட்டு மண்ணுக்கு ஓய்வு கொடுப்பார்கள். அறுத்ததை அதே மண்ணில் பரப்புவார்கள். கங்காணி அந்தப் பக்கம் திரும்பினால் நுனிக் கட்டு மாட்டுக்குப் போகும். தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளையும் எரிந்து பார்த்திராத ஒன்று அந்தப் புல்.

"இது அந்தப் புல்லுதான். ஆனா இது குடிச்சிருக்கிறது வேற," என்றார் றோலண்ட். "மண்ணுல இருந்து எடுத்தத மண்ணுலயே போட்டா என்னா பிரயோசனம்? ஒரு இலை மாட்டு வாய்க்குப் போச்சுன்னு தெரிஞ்சுதோ, பள்ளம் கணக்கப்பிள்ளைக்கு. அவரு அங்க மாட்டுப்பட்டி கட்டக் கேட்டுக்கிட்டேதான் இருக்காரு."

"போஞ்சி காய்ச்சா?"

"ஒங்க பேருக்கு. பெரியதொர எழுதிக் குடுப்பாரு."

"அத நீங்களும் எழுதிக் குடுங்களேன்."

"நான் வாயால சொன்னா பத்தாதா, இசபெல்?"

"தொரைங்க வாக்கு மாறுறதில்லீங்க. தொரைங்கதான் மாறிப் போயிர்றாங்க."

றோலண்ட் சிரித்துவிட்டுக் குறிப்புப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் மாதா படத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. எலி எடுக்காத இடம் அது ஒன்றுதான்.

ஒரு வருஷம் அவர்கள் நாறினார்கள். தங்கள் பசு செவந்தியின் சாணி போதாமல் லயத்தின் மற்ற எட்டுத் தொழுவத்திலும் கூடை ஏந்தினார்கள். மாலை வேலை விட்டு, ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்ற கையோடு பள்ளத்தில் இறங்குவார்கள். மழைக்காலத்தில் படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இசபெல் கரைசலை ஊற்ற, அலோசியஸ் நாலு பல் இரும்பு முள்ளால் கிளறுவார். இருமல் வந்தால் முள்ளின் மேல் சாய்ந்து நிற்பார். கறுப்பு எண்ணெயின் நாற்றம் மெல்லக் குறைந்தது. ஒருநாள் மண்புழு ஒன்று நெளிந்தது. இசபெல் அதை உள்ளங்கையில் எடுத்து, விருந்தாளியை அழைத்து வருகிற மாதிரி அலோசியசிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

பிறகு புல். நட்ட ஆறாம் மாதம் ஆள் உயரம். அறுத்து எரித்தார்கள். நெருப்பு பச்சையாக எழுந்தது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மறுபடி தழைத்தது, மறுபடி அறுத்தார்கள். பக்கத்துக் காம்பிரா வீரய்யா தினமும் ஒருமுறை வேலியோரம் நின்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போவான்.

"மச்சான், சோத்த எரிக்கிற மாதிரி இருக்கு மச்சான்."

"வெசம், வீரய்யா."

"எழுவத்துநாலு பஞ்சத்துல என்னென்னமோ தின்னோம். செத்தா போனோம்?"

"செத்தாங்களே."

"அது திங்காதவங்க."

எண்பதாம் ஆண்டு பிறந்ததோடு மழை நின்றது. காலையில் பனி உறைந்து வெயிலில் புல் கருகியது. ஆற்றோரம், ரோட்டோரம், கோயில் பின்புறம் எல்லாம் கட்டாந்தரை. மாடுகள் தேயிலை மிலாற்றுக் குச்சிகளைக் கடித்துப் பார்த்துத் துப்பின. மேயவிட்டால் அபராதம், கட்டிப்போட்டால் பட்டினி. கீழ்க்கணக்கு முழுவதும் பச்சையாய் நின்றது ஒரே இடம்: ஊற்றுக் கசிவு இருந்த மருந்துப் பள்ளம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போன இருவரும் திரும்பி வரும்போது வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். கையில் அரிவாள். முகத்தில் மரியாதை. இரண்டும் சேர்ந்து வந்தால் பின்னதை நம்பக் கூடாது.

"அலோசியசு," என்று ஆரம்பித்தார் பொன்னையா கங்காணி. "புல்லக் குடுத்துரு."

"வெசம்ணே. தொர சொல்லிருக்காரு."

"தொரக்கி என்னா, பங்களாவுக்குப் பால் டின்னுல வருது."

"மாடு செத்துப் போகும்ணே."

"குடுக்காட்டி மட்டும் என்னா, கல்யாணமா பண்ணப்போகுது?" என்றான் வீரய்யா. "இந்தா பாருங்க மச்சான், ஒன்னு கேக்குறேன். நீங்க சொல்றது நெசமா? நெசம்னா காட்டுங்க. ஒங்க செவந்திக்கு ஒரு கட்டு போடுங்க. செத்துச்சுன்னா நாங்க பொத்திக்கிட்டுப் போறோம்."

"என்னா பேச்சுடா இது?" என்றார் அலோசியஸ்.

"சாகலேன்னா, நீங்க பொய்யி. போடுங்களேன்."

எல்லோரும் இசபெலைப் பார்த்தார்கள். செவந்தி மூன்று நாளாக வாழைத்தண்டும் சோற்றுக் கஞ்சியுமாக நின்றது. விலா எலும்பைத் தூரத்திலிருந்தே எண்ணலாம். சினை வேறு. இசபெல் மனதுக்குள் ஒரு பேரம் ஓடியது. போடாவிட்டால் இன்று ராத்திரியே திருடுவார்கள். திருடினால் வேரோடு பிடுங்குவார்கள். பிடுங்கினால் பள்ளம் பாழ். ஒரு கட்டுப் போட்டு, மாடு ஒரு தரம் சுருண்டு விழுந்தால், வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். இவர்களும் பயந்து ஒதுங்குவார்கள்.

"போடுறேன்," என்றாள்.

"இசபெல்!" என்றார் அலோசியஸ்.

"நீங்க சும்மா இருங்க."

செவந்தி கட்டை முடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று தலையைத் தூக்கியது. மறுநாள் சுருளவில்லை. அதற்கு மறுநாள் இன்னொரு கட்டு. ஒரு வாரம் வீரய்யா காலையும் மாலையும் வந்து மாட்டின் கண்ணைப் பார்த்தான், சாணியைக் குச்சியால் கிளறிப் பார்த்தான். மாட்டுக்குத் தோல் மினுங்கத் தொடங்கியது. பால் கூடியது. அலோசியஸ் விஷத்துக்குச் சாட்சி சொல்லச் சொல்ல, மாடு அவருக்கு எதிர்ச்சாட்சியாக நின்று அசைபோட்டது.

எட்டாம் நாள் லயமே பள்ளத்தில் இறங்கியது. ஆணும் பெண்ணுமாக அறுத்து, கட்டிச் சுமந்தார்கள். யாரும் வேரைத் தொடவில்லை. மறுபடி தழைக்க வேண்டுமே. இரண்டு பேர் மாதக்கணக்கில் அறுத்து எரிக்க வேண்டியது, ஒரு பொழுதில் மண்ணை விட்டுப் போய்விட்டது.

கடைவீதியில் பால் வாங்குகிற ஜமால்தீன் நானா விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். "இசபெல், ஒனக்கு மண்ணு துப்புரவாகணும். அவனுகளுக்குப் புல்லு வேணும். வெட்டி, கட்டி, தலையில வெச்சுத் தூக்கிட்டும் போறானுகள். கூலி கேக்காத கூலிக்காரனை எங்க புள்ளே புடிச்சாய்?"

"அவங்களா வந்தாங்க நானா."

"பாலும் தடிப்பாத்தான் ஈக்கிது."

அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பற்றி அலோசியசிடம் அவள் சொல்லவில்லை.

அலோசியஸ் றோலண்டிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் பள்ளம் கணக்கப்பிள்ளைக்கு. லயத்து ஆட்களும் வெளியே மூச்சு விடவில்லை. விட்டால் புல் போய்விடும். இப்படி ஆளுக்கொரு காரணத்தோடு எல்லோரும் ஒரே பொய்யைச் சொன்னார்கள். கோயில் திருவிழாவுக்கு வராத ஒற்றுமை அதற்கு வந்தது.

மாசி நடுவில் பள்ளத்தின் கீழ்ப்பாதியைக் கொத்திப் பாத்தி கட்டி இசபெல் போஞ்சி ஊன்றினாள். ஊற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். மேல்பாதியில் புல் தழைக்கத் தழைக்க ஒன்பது மாடுகளும் தின்றன. போஞ்சி முளைத்தது. கொடி கம்பைப் பிடித்தது. பூத்தது. பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் முட்டிபோட்டிருந்தபோதும் அவள் கண்ணுக்குள் பிஞ்சுகள் தொங்கின.

உயிர்த்த ஞாயிறு கழிந்த சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெரியதொரை பார்க்க வருவதாக ஏற்பாடு. முந்தின நாள்தான் முதல் மழை பெய்து குளிர் இறங்கியிருந்தது.

விடியலில் பால் கறக்கப் போன இசபெல் செம்பைக் கீழே வைத்தாள். செவந்தி காலை அகட்டி நின்றுகொண்டிருந்தது. அதன் மூத்திரம் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி நிறத்தில், சாயத்தண்ணியை விடச் சிவப்பாக ஓடியது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. மூன்று மாதம் உள்ளே அடக்கி வைத்திருந்த செம்பு விஷத்தை ஒரு குளிரில் மாட்டின் உடம்பு வெளியே கொட்டத் தொடங்கிவிட்டது.

அலோசியஸ் வந்து பார்த்தார்.

"சொல்லீர்றேன்," என்றார். "மத்த மாட்டுக்காவது இன்னைக்குப் போடாம நிப்பாட்டுவாங்க."

"பெரியதொர போகட்டும்."

"இசபெல்..."

"மூணு மாசம் தின்னாச்சு. மூணு மணித்தியாலத்துல என்னா ஆகிறப் போகுது? இப்பச் சொன்னா லயமே கத்தும். கத்துனா தொர காதுல விழும். புள்ளய நெனச்சுக்கங்க."

அப்போது வீரய்யா தலையில் பச்சைக் கட்டோடு வாசலைக் கடந்து போனான். பனித்துளி சொட்டச் சொட்ட, அப்போதுதான் அறுத்த கட்டு. "என்னா மதினி, இன்னைக்கு ஒங்களுக்குக் கலியாணம்!" என்றான்.

இசபெல் தொழுவத்து வாசலை மறைக்கிற சாக்கைக் கீழே இழுத்து விட்டாள். "ஆமாண்ணே," என்றாள்.

பெரியதொரை வந்தார். காய்களைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றை ஒடித்தார், 'சடக்' என்று ஒடிந்தது. "ஹொந்தய், ஹொந்தய்," என்று சிங்களத்தில் மெச்சினார். றோலண்டின் முகத்தில், பிறந்ததிலிருந்து வராத ஒரு வெளிச்சம். எரித்த சாம்பல் எங்கே என்று அவர் கேட்டார்; அலோசியஸ் பழைய சாம்பலைக் காட்டினார். அந்த நேரம் பார்த்துத் தொழுவத்துக்குள் செவந்தி அடித்தொண்டையில் முனகியது.

"மாட்டுக்கு என்னா?" என்றார் றோலண்ட்.

"கன்னு போடப்போகுதுங்க தொர," என்றாள் இசபெல். குரல் பிசகவில்லை.

திங்கட்கிழமை தாள் வரும் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். செவந்தி பகல் சோற்றுக்கு முன்னால் விழுந்தது. கன்று உள்ளேயே. அலோசியஸ் லயத்து வாசல் வாசலாகப் போய்ச் சொன்னபோது இரண்டு தொழுவங்களில் ஏற்கனவே சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிறு மதியத்துக்குள் ஏழு மாடுகள் செத்தன. மாலைக்குள் ஒன்பது. மாட்டு டாக்டரைக் கூப்பிட யாரும் துணியவில்லை. என்ன தின்றது என்று அவர் கேட்பாரே.

வீரய்யா கடைசியாக வந்தான். அவனுடைய இரண்டு குழந்தைகளுக்கு அந்தப் பால்தான் காலையும் மாலையும். அவன் கத்தவில்லை.

"மதினி, செவந்திக்கு எப்பச் செவப்பாப் போச்சு?"

"நேத்து."

"நேத்து எப்ப?"

"வெடிய."

"வெடியத்தானே நான் கட்டோட போனேன்?"

இசபெல் தொழுவத்துச் சாக்கைப் பார்த்தாள்.

"என்னயப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அண்ணேன்னும் கூப்புட்டீங்க."

"நீங்கதானே போடச் சொன்னீங்க! சாகுதான்னு காட்டச் சொன்னீங்க!"

"ஆமா," என்றான் வீரய்யா. "காட்டிட்டீங்க. நாங்க பொத்திக்கிட்டுப் போறதாத்தானே பேச்சு? பொத்திக்கிறோம். மாட்டப் பொதைக்க மட்டும் எடம் வேணும். பாறையில வெட்ட முடியுமா? தேயில வேருல வெட்ட விடுவாங்களா? கல்லு இல்லாத ஆழமான மண்ணு இந்தக் கணக்குல எங்க இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா மதினி?"

மண்வெட்டிகள் பள்ளத்தில் இறங்கின. யாரும் வையவில்லை, யாரும் அவர்களைத் தொடவில்லை. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். போஞ்சிக் கம்புகள் முறிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆறடிக்கு வெட்டினார்கள், அடியிலிருந்த பழைய வண்டல், மயில்கழுத்து நிறம் கொஞ்சமும் மங்காமல், கூடை கூடையாக மேலே வந்து விழுந்தது. ஒன்பது மாடுகளையும் வரிசையாக இறக்கினார்கள். செவந்தியின் பின்காலை அலோசியஸ்தான் பிடித்தார். மேட்டை மிதித்துச் சமப்படுத்தியவர்களில் பொன்னையா கங்காணி மட்டும் போகும்போது திரும்பி, ஒடிந்த கொடியிலிருந்து கைப்பிடி போஞ்சியைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை தாளோடு வந்த றோலண்ட், தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"என்னா இது?"

"மாட்டுச் சீக்குங்க தொர," என்றான் வீரய்யா. பின்னால் நின்ற லயம் முழுவதும் தலையாட்டியது. "திடீர்னு வந்துச்சுங்க."

றோலண்ட் மேட்டில் கிடந்த நீலப்பச்சை மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். லயத்தில் பிறந்தவருக்கு லயத்தின் மௌனம் விளங்காமல் போகாது.

"திரும்பவும் புல்லு நடுங்க," என்றார் இசபெலிடம். "ரெண்டு வருசம். அப்பவும் நான் இங்க இருந்தா பாப்போம்."

வைகாசியில் ஐவி அட்டனிலிருந்து திரும்பி வந்தாள். கொழுந்துக் கூடைக் கயிறு அவள் நெற்றியில் சிவப்பாகப் பதியத் தொடங்கியது. ஒரு நல்ல வார்த்தை பேச லயத்தில் யாருமில்லை. பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். அலோசியசால் இப்போது பத்துக் கைப்பிடி புல்கூட அறுக்க முடியவில்லை. மாட்டு மேட்டின் மேல் புல் ஆள் உயரத்தையும் தாண்டித் தழைத்தது. உரம் அப்படி.

ஆவணியில் ஒரு மாலை, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவன் வந்தான். பெயர் அழகுமுத்து என்றான். தோளில் கயிறு, கையில் மொட்டை அரிவாள். வேலியோரம் நின்று புல்லைப் பார்த்த பார்வையில் ஒரு பக்தி இருந்தது.

"அக்கா, இம்புட்டுப் புல்லு நிக்குது. யாருக்கும் வேணாமாக்கா?"

இசபெல் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இங்க மாடு இல்ல."

"ஒன்னுகூடவா?"

"ஒன்னுகூட."

"எங்க பக்கம் புல்லெல்லாம் அறுத்துத் தீந்துபோச்சுக்கா. ரெண்டு மாடு வச்சிருக்கேன். ஒன்னு செனை."

உள்ளேயிருந்து இருமல் வந்தது. அலோசியஸ் நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வாயைத் திறந்தார். இசபெல் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு, சாய்த்து வைத்திருந்த ஐவியின் கூடையைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார்.

"வாரத்துல எத்தன தரம் வருவ?"

"விட்டீங்கன்னா தெனமும் வர்றேன்க்கா. எங்க லயத்து ஆளுங்களுக்கும் சொல்றேன்."

"அரிவா மொட்டையா இருக்கே," என்றாள் இசபெல். கூரையில் செருகியிருந்த தன் அரிவாளை எடுத்து, எச்சில் தொட்டுக் கல்லில் நாலு இழுப்பு இழுத்து நீட்டினாள். "இத வச்சு அறு. அடியோட அறுக்கணும். வேர மட்டும் தொடாத."

அவன் பொழுது சாயும்வரை அறுத்தான். கட்டு பெரிது, தனியாகத் தூக்க முடியாமல் இரண்டு தரம் முழங்கால் மடிந்தது.

"ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்க்கா," என்றான்.

இசபெல் பள்ளத்தில் இறங்கிப் போய், கட்டை அவன் தலையில் தூக்கி வைக்க ஒரு கை கொடுத்தாள்.